மச்சான் பிடித்த கயிறு

போன வாரம் நம் பள்ளித் தோழிகள் குழுவில் ஒருத்தி ஒரு செய்தி அனுப்பியிருந்தாள். யாரோ ஒரு இளைஞன் எழுதியது. சரித்திரத்தில் சில சுவையான கேள்விகள் என்று தலைப்பு. ராஜாக்கள் என்ன சாப்பிட்டார்கள், செருப்பு எப்போது வந்தது என்கிற கேள்விகளுக்கு நடுவில் நம் ஊரைப் பற்றியும் ஒன்று இருந்தது. முத்துக் குளிக்கிறவனின் கயிற்றை அவன் மனைவியின் கூடப்பிறந்தவன்தான் பிடிக்க வேண்டும் என்று ஏன் வைத்தார்கள்? பதிலையும் அவனே எழுதிவிட்டான். தன் சகோதரி விதவையாகிவிடக் கூடாது என்று மச்சான் கண்ணும் கருத்துமாக இருப்பானாம். உயிரையே ஒப்படைக்கும் நம்பிக்கையாம். முன்னோர்களின் அறிவே அறிவாம். அதற்குக் கீழே நீங்களெல்லாம் கை கூப்பிய படத்தை வரிசையாகப் போட்டிருந்தீர்கள். பூப் போட்டவளும் உண்டு. நான் ஒன்றும் போடவில்லை. கோபமா என்று ஒருத்தி தனியாகக் கேட்டாள். ஆமாம், கோபம்தான்.

அந்தப் பையன் பாதிக் கேள்விதான் கேட்டிருக்கிறான். மீதிப் பாதி எங்கள் வீட்டில் நடந்தது. உங்களில் சிலருக்கு அரைகுறையாகத் தெரிந்திருக்கும். அந்த வருஷம் நம் தெருவில் அதைப் பற்றிப் பேசாத வாய் இல்லை. என் தலையைக் கண்டதும் பேச்சை மீன் விலைக்கு மாற்றிவிடுவார்கள், அவ்வளவுதான். நமக்கும் எழுபது தாண்டிவிட்டது. மறைத்து வைத்து யாருக்கு என்ன லாபம்? சொல்லிவிடுகிறேன், கேளுங்கள்.

நாமெல்லாம் கோவிலில் முதல் நற்கருணை, அதான் புதுநன்மை, வாங்கிய வருஷம் அது. பல வருஷமாகச் சிப்பி இல்லாமல் கிடந்த பாரில் சிப்பி விளைந்திருக்கிறது, முத்துக்குளிப்பு நடக்கப் போகிறது என்று ஊரெல்லாம் பேச்சு. பார் என்றால் இன்றைய பிள்ளைகளுக்குச் சாராயம் விற்கும் இடம்தான் தெரியும். நமக்குத் தெரிந்தது கடலுக்கடியில் சிப்பி ஒட்டி வளரும் பாறைத் திட்டு. நம் சரித்திர வகுப்பு சிஸ்டர் அந்த வருஷம் கரும்பலகையில் வரிசையாக எழுதிப் போட்டார்களே, நினைவிருக்கிறதா? பாண்டியன், போர்த்துக்கீசியன், டச்சுக்காரன், வெள்ளைக்காரன், இப்போது நம் சர்க்கார். யார் வந்தாலும் சிப்பியில் பெரிய பங்கு கரையில் கொடியை நட்டு உட்கார்ந்திருப்பவனுக்குத்தான். ஆனால் தோணியில் யார் கயிற்றை யார் பிடிப்பது என்பதில் எந்த ராஜாவும் வாய் திறந்ததில்லை. அது எங்களுக்குள் நடந்த ராஜாங்கம்.

அப்பா பெயர்பெற்ற குளியாளி. முத்து இல்லாத வருஷங்களில் சங்கு எடுக்கப் போவார். கனத்த கல்லில் ஒரு காலை வைத்து, கொம்பில் செதுக்கிய கவ்வியால் மூக்கை இறுக்கிக்கொண்டு, கல்லோடு அடிக்குப் போய்விடுவார். இடுப்பில் ஒரு கயிறு கட்டியிருக்கும். கீழே சிப்பியை வாரிக் கூடையில் போட்டுவிட்டு, மூச்சு முட்டும்போது கயிற்றை வெடுக்கென்று ஒரு இழுப்பு இழுப்பார். மேலே தோணியில் நிற்பவன் அந்த இழுப்பைக் கையில் உணர்ந்த கணமே தூக்கியாக வேண்டும். பீடி பற்றவைக்கத் திரும்பினால் போச்சு. அப்பாவின் கயிற்றைப் பிடித்தவர் என் தாய்மாமா, அம்மாவின் தம்பி.

ஏன் மச்சான்தான் பிடிக்க வேண்டும்? அந்தப் பையன் நம்பிக்கை என்று எழுதிவிட்டான். நம் ஊர்க்காரர்கள் போட்ட கணக்கைப் பாருங்கள். அண்ணன் தம்பி பிடிக்கக் கூடாது, அவன் வீட்டில் பங்கு கேட்கிறவன். கூலிக்கு வந்தவன் பிடிக்கக் கூடாது, அவனுக்கு எவன் செத்தால் என்ன? மனைவியின் கூடப்பிறந்தவன் ஒருவனுக்குத்தான் குளியாளி செத்தால் நட்டம். தாலியறுத்த சகோதரி பிள்ளைகளோடு அவன் வாசலில்தான் வந்து நிற்பாள். இதில் நம்பிக்கை எங்கே இருக்கிறது? ஒருவரையும் நம்பாதவர்கள் உட்கார்ந்து யோசித்துக் கண்டுபிடித்த வழக்கம் இது.

சின்னப் பிள்ளையாக எனக்கு இதெல்லாம் தெரியாது. தண்ணீர் எடுக்கப் போனால் அங்கே நிற்கும் பெண்கள் என் கன்னத்தைக் கிள்ளி, “ஏளா, ஒங்கம்மா தாலி ஒங்க மாமன் கையிலதாம்ளா இருக்கு” என்பார்கள். நான் அதை அப்படியே நம்பினேன். மாமா வீட்டுக்கு வந்துவிட்டுப் போனதும் ஓடிப்போய் அம்மாவின் கழுத்தைப் பார்ப்பேன். சிலுவை பதித்த அந்தத் தாலி அங்கேயே கிடக்கும். அப்புறம்தான் எனக்கு மூச்சு வரும்.

மாமாவும் அம்மாவும் தாய் தகப்பன் இல்லாதவர்கள். அம்மாதான் அவரை இடுப்பில் தூக்கி வளர்த்தாள். அம்மாவுக்குச் சீதனமாக வந்தது இந்தத் தம்பிதான் என்று அப்பா கேலி செய்வார். மாமா மெலிந்த ஆள், ஆனால் உள்ளங்கை மட்டும் தடித்துக் காய்த்துப் போயிருக்கும். என் முகத்தை அந்தக் கையால் தடவினால் சிரட்டை உரசுவது போலிருக்கும். சீட்டி அடித்துக்கொண்டே வருவார். கழுத்தில் ஒரு கறுப்புக் கயிற்றில் மூக்குக் கவ்வி ஒன்று தொங்கும். மாட்டுக் கொம்பில் தானே செதுக்கியது. கயிறு பிடிக்கிறவனுக்கு மூக்குக் கவ்வி எதற்கு என்று எல்லாரும் சிரிப்பார்கள்.

அவருக்குக் குளியாளியாக வேண்டும். அதுதான் ஆசை. எங்கள் வீட்டுத் தொட்டியில் முகத்தை முக்கி மூச்சை அடக்கிப் பழகுவார். “எண்ணுளா, எண்ணு” என்பார். நான் எண்ணி எண்ணிச் சலித்துப்போவேன், அவர் தலையைத் தூக்க மாட்டார். அந்த நேரங்களில் எனக்குப் பயமாக இருக்கும். அழத் தொடங்கிய பிறகுதான் தண்ணீர் சொட்டச் சொட்டச் சிரித்துக்கொண்டு எழுவார். இவ்வளவு மூச்சு இருந்தும் அவரால் இறங்க முடியாது. கல்யாணமாகாதவனுக்கு மச்சான் ஏது? மச்சான் இல்லாதவன் கயிற்றைப் பிடிப்பது யார்?

எனக்கு இதில் ஒரு சந்தேகம். அம்மா மீன் செதிலைச் சுரண்டிக்கொண்டிருந்தபோது கேட்டேன். “அப்பாவும் மாமாவுக்கு மச்சான்தானம்மா? மாமா அப்பாவ மச்சான்னுதான கூப்புடுதாவ? அப்பா புடிச்சா என்ன?”

“அது வேற மச்சான், இது வேற மச்சான்.”

“என்ன வேற?”

“ஒங்க மாமனுக்கு ஒன்னு ஆச்சுன்னா ஒங்கப்பாவுக்கு என்னளா நட்டம்?” என்று சொல்லிவிட்டு அம்மா சிரித்தாள். நானும் சிரித்தேன். அம்மா செதிலைச் சுரண்டிக்கொண்டே இருந்தாள்.

எங்கள் வீட்டில் அப்போது அத்தையும் இருந்தாள், அப்பாவின் தங்கை. மாமா சந்தைப் பக்கம் போனால் காகிதக் கூம்பில் மக்ரூன் வாங்கி வந்து என்னிடம் கொடுப்பார். “ஒனக்கு மட்டும் இல்ல, எல்லாருக்கும் குடு” என்பார். எல்லாரும் என்றால் யார் என்று எனக்குத் தெரியும். அத்தை ஒன்றை எடுத்து வாயில் போட்டுக்கொண்டு கரையும் வரைக்கும் பேசாமல் நிற்பாள். அவள் மாமாவின் சட்டைக் கிழிசலைத் தைத்துக் கொடுத்ததை நான் பார்த்திருக்கிறேன். அம்மாவுக்கும் தெரியும். அம்மாவுக்கு உள்ளுக்குள் சந்தோஷம்தான். அத்தையைக் கட்டினால் தம்பிக்கு மச்சான் கிடைத்துவிடும். அப்பா அவர் கயிற்றைப் பிடிக்கலாம். பெண் கொடுத்த வீட்டிலேயே பெண் எடுத்தால் இரண்டு பக்கமும் கயிறு இறுகிவிடும் என்று அம்மா கணக்குப் போட்டாள்.

மாமாவுக்காகப் பெண் கேட்டு இரண்டு பெரியவர்கள் வந்தார்கள். அப்பா அவர்களுக்குக் காப்பி கொடுக்கச் சொல்லிவிட்டு நிதானமாகப் பேசினார்.

“எந்தங்கச்சிய அவனுக்குக் குடுத்தா, நாளைக்கு அவங் கயித்த நான்லா புடிக்கணும்? அவன் கீழ முத்து எடுப்பான், நான் மேல நின்னு கயிறு இழுக்கவா? இத்தன வருசம் இந்தக் கடல்ல குளிச்சது அதுக்குத்தானா?”

வந்தவர்கள் ஏதோ சமாதானம் சொன்னார்கள். அப்பா எழுந்து வேட்டியை உதறிக் கட்டினார். “கயிறு புடிக்கவன் கயிறுதான் புடிக்கணும்” என்றார். மாமா வாசலில் நின்று எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டிருந்தார். உள்ளே வரவில்லை. அன்று அவர் சீட்டி அடிக்காமல் போனது எனக்கு இன்றும் காதில் நிற்கிறது.

அத்தையைக் கொழும்பில் கடை வைத்திருந்த ஒருவருக்குப் பேசி முடித்தார்கள். கல்யாண விருந்தில் மாமா இலையின் முன் உட்கார்ந்தார், சோற்றைத் தொடவில்லை. அப்பா வரிசை வரிசையாகக் கவனித்துக்கொண்டு வந்து அவர் முன்னால் நின்றார். மாமா தலையைத் தூக்கிக் கேட்டார்: “மச்சான், பார் தெறந்தா ஒங்க கயித்த யாரு புடிப்பா?”

பக்கத்து இலைகளில் சாப்பிட்டுக்கொண்டிருந்தவர்கள் நிறுத்திவிட்டார்கள். அப்பா சிரித்தார். “நீதாம்ல. வேற எவன் இருக்கான்?”

“நாந்தானே. சரி” என்று மாமா எழுந்து கை கழுவப் போனார். சாப்பிடாத கையை எதற்குக் கழுவுகிறார் என்று நான் பார்த்துக்கொண்டிருந்தேன்.

அன்றிலிருந்து எங்கள் வீட்டில் பயம் குடியேறியது. அம்மா சரியாகச் சாப்பிடவில்லை. அக்கம்பக்கத்துப் பெண்கள் வந்து குசுகுசுவென்று பேசுவார்கள். கயிற்றை வேறு ஆளிடம் கொடுக்கச் சொல்லு என்பாள் ஒருத்தி. அதெப்படி, மச்சான் உயிரோடு இருக்கையில் கூலிக்காரன் கையில் கயிற்றைக் கொடுத்தால் ஊர் என்ன பேசும் என்பாள் இன்னொருத்தி. அப்பாவிடம் சொன்னால் அவர் சிரிப்பார். அவருக்குத் தன் மச்சானைப் பற்றிப் பயமே இல்லை. அவனுக்கு அவன் அக்காதான் உலகம் என்று அவருக்கு நன்றாகத் தெரியும். அந்தத் தைரியத்தில்தான் மாமாவை அவமானப்படுத்தவும் செய்தார் என்று இப்போது தோன்றுகிறது.

ஒரு நாள் மாலை அம்மா மாமாவையும் என்னையும் கூட்டிக்கொண்டு மாதா கோவிலுக்குப் போனாள். உள்ளே யாருமில்லை. மெழுகும் கடல் காற்றும் கலந்த வாடை. அம்மா மாமாவின் கையைப் பிடித்து மாதா சொரூபத்தின் பாதத்தில் வைத்தாள்.

“சத்தியம் பண்ணுலே. அவருக்கு ஒன்னும் ஆகாம மேல தூக்கிருவேன்னு சத்தியம் பண்ணு.”

“யக்கா, என்னப் போய்ச் சந்தேகப்படுதியா?”

“பண்ணுலே!”

மாமா சத்தியம் செய்தார். அவர் முகம் சுருங்கிப் போயிருந்தது. தன்னை வளர்த்தவளே தன்னைக் கொலைகாரனாகப் பார்க்கிறாளே என்று அவருக்கு இருந்திருக்கும். அம்மா அதைக் கவனிக்கவில்லை. ஒரு பெரிய பாரம் இறங்கியவளாக முக்காட்டைச் சரிசெய்துகொண்டு வேகமாக நடந்தாள். வழியில் எனக்குக் கடலை மிட்டாய் வாங்கிக் கொடுத்தாள்.

குளிப்புக்குப் பார் திறந்தது. கடற்கரையில் ஓலைக் கொட்டகைகள், கொடி, போலீஸ், வெளியூர் வியாபாரிகள். திருவிழா மாதிரி இருந்தது என்று நீங்கள் சொல்வீர்கள். உங்களில் யாருடைய அப்பாவும் குளியாளி இல்லை, அதனால் சொல்வீர்கள். எனக்கு நினைவிருப்பது வாடைதான். எடுத்து வந்த சிப்பியை அழுகவிட்டு, சதை கரைந்த பிறகு கழுவித்தானே முத்தைத் தேடுவார்கள்? குவியல் குவியலாகச் சிப்பி வெயிலில் அழுகிக் கிடந்தது. சோற்றிலும் அந்த வாடை, தலையணையிலும் அந்த வாடை. ஈ மொய்க்காத பொருள் வீட்டில் இல்லை. புதுநன்மைக்காக எனக்கு எடுத்திருந்த வெள்ளைக் கவுனை அம்மா துணியில் சுற்றிப் பெட்டியில் பூட்டி வைத்தாள், அப்படியும் அது நாறியது.

தோணிகள் விடியுமுன்னே கிளம்பிவிடும், பிற்பகல் கடல்காற்றில் பாய் விரித்துத் திரும்பும். கரையில் கடல்கட்டி உட்கார்ந்திருப்பார். சுறாவின் வாயை மந்திரத்தால் கட்டுகிறவர். சர்க்கார் அவருக்குச் சம்பளம் கொடுத்த காலம் எப்போதோ போய்விட்டது. பங்குச் சாமியார் பிரசங்கத்தில் அவரைத் திட்டுவார். ஆனாலும் நன்மை வாங்கிய நாக்கோடு நம் ஆட்கள் அவரிடம் போய் வெற்றிலை வைத்துவிட்டுத்தான் தோணி ஏறுவார்கள். தோணி திரும்பும்வரை அவர் இருந்த இடத்தைவிட்டு அசையக் கூடாது. நான் அவரையே பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருப்பேன். சுறாவின் வாய் கட்டியாகிவிட்டது, மாமாவின் கைக்கும் சத்தியம் வாங்கியாகிவிட்டது. அப்படியும் தோணி கண்ணில் படும்வரை நான் வீட்டுக்குப் போனதில்லை.

ஒவ்வொரு நாளும் அப்பா திரும்பி வந்தார். மாமாவும் வந்தார். தோணியில் இருவரும் ஒரு வார்த்தை பேசுவதில்லை என்று தோணியை நடத்தும் தண்டல் அம்மாவிடம் சொன்னார். “பேச்சு இல்ல. ஆனா கயித்துல ஒரு குத்தம் சொல்ல முடியாதும்மா. அவரு இழுக்கதுக்கு முந்தியே இவன் தூக்கிருதான்.” அம்மா தண்டலுக்கு மோர் கொடுத்தாள். மாமாவின் உள்ளங்கையில் கயிறு அறுத்துப் புது ரத்தம் கட்டியிருந்தது. அம்மா மஞ்சள் அரைத்துப் போட்டாள். அவர் கையை நீட்டிக்கொண்டு வேறு பக்கம் பார்த்துக்கொண்டிருந்தார்.

அந்த நாள் எங்கள் தோணி எல்லாருக்கும் முன்னால் திரும்பியது. காற்று இன்னும் திரும்பவில்லை, துடுப்புப் போட்டே வந்தார்கள். கரையிலிருந்த பெண்கள் ஒவ்வொருவராக எழுந்து நின்றார்கள். அம்மா என் கையை விட்டுவிட்டுத் தண்ணீருக்குள் ஓடினாள். அப்பா தோணியில் உட்கார்ந்திருந்தார், உயிரோடு உட்கார்ந்திருந்தார். அம்மா இடுப்பளவு தண்ணீரில் நின்று அவர் தோளையும் முகத்தையும் தடவித் தடவிப் பார்த்தாள். “மாதாவே, மாதாவே” என்று சிரித்துக்கொண்டே அழுதாள். இவ்வளவு சந்தோஷமாக நான் அம்மாவைப் பார்த்ததில்லை. தோணிக்குள் பாய்த்துணியில் சுற்றி வைத்திருந்ததை அவள் அதுவரை பார்க்கவில்லை. அப்பா அவளைப் பார்க்காமல் குனிந்திருந்தார். பாய்த்துணிக்கு வெளியே ஒரு கை நீட்டிக்கொண்டிருந்தது. அந்த உள்ளங்கையை எனக்குத் தெரியும்.

தண்டல் சொன்னது இதுதான். அன்று அப்பாவுக்குக் காதில் வலி, மூக்கில் ரத்தம் கசிந்தது. கொஞ்ச நேரம் உட்காருகிறேன் என்று தோணியில் சாய்ந்துவிட்டார். மாமா எழுந்து தன் கவ்வியை மூக்கில் மாட்டி, கயிற்றை இடுப்பில் கட்டி, கல்லில் காலை வைத்துவிட்டார். “கயித்த யாருலே புடிக்கதுன்னு கேட்டேன். ‘மச்சாந்தான புடிக்கணும்? அன்னா மச்சான் இருக்காருல்லா’ன்னு சிரிச்சான். இவரும் ஒன்னும் சொல்லாம எந்திரிச்சு வந்து புடிச்சாரு. மொதல்ல போனான், வந்தான். கூடை நெறையச் சிப்பி. மறுபடி போனான், வந்தான். அப்படிச் சிரிச்சு நான் அவனப் பாத்ததே இல்ல. அதுக்கு அடுத்து போனவன் வரல. நேரமாவுது தூக்கும்னு நாந்தான் சத்தம் போட்டேன். அதுக்கப்புறந்தான் இவரு தூக்குனாரு.”

கயிறு அறுந்திருக்கவில்லை. சுறா கடித்த காயமும் இல்லை. மாமாவின் கழுத்தில் கவ்வி இல்லை, கடலிலேயே போய்விட்டது போலிருக்கிறது. முதலில் ஊரார் கடல்கட்டியிடம்தான் சண்டைக்குப் போனார்கள். அவர் இருந்த இடத்தைவிட்டு அசையாமல் பதில் சொன்னார்: “நான் சுறா வாயத்தான் கட்டுனேன். மனுசன் கையக் கட்டுததுக்கு எங்கிட்ட மந்திரம் இல்ல.” அதைக் கேட்டு எல்லாரும் திரும்பி எங்கள் வீட்டைப் பார்த்தார்கள்.

அப்பா முதல் நாள், “அவன் இழுக்கல” என்றார். அடக்கம் முடிந்து ஊர்ப் பெரியவர்கள் கோவில் முற்றத்தில் கூட்டி வைத்துக் கேட்டபோது, “இழுத்தது எனக்குத் தெரியல” என்றார். இரண்டும் ஒன்றா? எனக்கு அந்த வயதிலேயே ஒன்றாகத் தோன்றவில்லை. காலமெல்லாம் கீழேயிருந்து இழுத்துப் பழகியவர் அவர். மேலே நின்று இழுப்பை வாங்கிப் பழகாத கை. தெரியாமல் போயிருக்கலாம். அல்லது கூடை நிறையச் சிப்பியோடு சிரித்துக்கொண்டு மேலே வந்த முகத்தைப் பார்த்து, கொஞ்சம் கிடக்கட்டும் என்று ஒரு மூச்சு நேரம் தாமதித்திருக்கலாம். அப்பா என்னிடம் பாசமாக இருந்தவர். அவரைக் கொலைகாரர் என்று நான் சொல்ல மாட்டேன். இல்லை என்று சொல்லவும் எனக்கு வாய் வரவில்லை.

பெரியவர்களுக்கு என்ன செய்வதென்று தெரியவில்லை. கயிறு பிடித்தவன் மேல் பிழை என்றால் அவனை ஊரைவிட்டு விலக்கி வைப்பார்கள். தண்ணீர், நெருப்பு, தோணி எதுவும் கிடையாது. பிழை என்று சொல்லிக் கேட்க மாமாவுக்கு ஆள் வேண்டும். அம்மாவைத் தவிர அவருக்கு யார் இருக்கிறார்கள்? கடைசியில் மூத்தவர் அம்மாவைக் கூப்பிட்டார்.

“தாயி, செத்தது ஒந்தம்பி. கயிறு புடிச்சது ஒம்புருசன். ரெண்டு பக்கமும் நீதான் நிக்க. நீ சொல்லுதபடி ஊரு கேக்கும்.”

எவ்வளவு பெரிய அதிகாரம் பாருங்கள். அதுவரை அந்த முற்றத்தில் ஒரு பெண்ணை வாய் திறக்க விட்டதில்லை. அன்று ஊரே அவள் வாயைப் பார்த்துக்கொண்டு நின்றது. அம்மாவின் இடுப்பில் என் தம்பி. அவள் சேலையைப் பிடித்துக்கொண்டு நான். அப்பா தூண் பக்கம் தரையைப் பார்த்துக்கொண்டு நின்றார். அம்மா அவரைப் பார்த்தாள், எங்களைப் பார்த்தாள்.

“எந்தம்பிக்குச் சிப்பி மேல ஆச. இழுக்காமலே கெடந்திருப்பான்” என்றாள். “அவரு மேல ஒன்னுமில்ல.”

ஊர் நிம்மதியாக எழுந்து போனது. சிலர் அம்மாவை மெச்சினார்கள். பத்தினி என்றார்கள். அன்று வீட்டுக்கு வந்து அம்மா அடுப்பைப் பற்றவைத்து எங்களுக்குச் சோறு வடித்தாள். அப்பாவுக்கும் தட்டு வைத்தாள். அடுத்த ஞாயிற்றுக்கிழமை நான் புதுநன்மை வாங்கினேன். அந்தப் படத்தில் நான் ஏன் உம்மென்று நிற்கிறேன் என்று நீங்கள் எத்தனையோ தடவை கேலி செய்திருக்கிறீர்கள்.

அதன் பிறகு அப்பா கடலில் இறங்கவில்லை. உப்பளத்தில் வேலைக்குப் போனார், அப்புறம் துறைமுகத்தில் காவல் வேலை. முத்துக்குளிப்பும் ஒன்றிரண்டு வருஷத்தில் நின்றே போனது. அப்பா கயிற்றைத் தொட மாட்டார். கிணற்றில் ஒரு வாளி தண்ணீர் இறைக்க மாட்டார். குளிக்க, குடிக்க, எல்லாவற்றுக்கும் அம்மாதான் இறைத்துக் கொடுத்தாள், குழாய் வரும்வரை. அவர் கல்லில் உட்கார்ந்திருப்பார், அம்மா வாளியைத் தூக்கித் தலையில் ஊற்றுவாள். எங்களுக்குப் பிறகு இன்னும் ஒரு தம்பியும் பிறந்தான். அவனுக்கு மாமாவின் பெயரை வைக்கலாம் என்று சாமியார் சொன்னபோது அம்மா வேண்டாம் என்றுவிட்டாள்.

நான் வளர்ந்து, கல்யாணமாகி, எனக்கும் பிள்ளைகள் பிறந்த பிறகு ஒரு தடவை துணிந்து கேட்டேன். “ஏம்மா, நீ அப்பாட்ட கேட்டதே இல்லையா?”

அம்மா அரிசி புடைத்துக்கொண்டிருந்தாள். முறத்தில் கிடந்த கல்லைப் பொறுக்கிப் போட்டாள். பிறகு சொன்னாள்: “கோயிலுக்குக் கூட்டிட்டுப் போய் எந்தம்பிட்ட சத்தியம் வாங்குனேன். ஒங்கப்பாட்ட வாங்கணும்னு எனக்குத் தோணவே இல்லையே. இப்பம் எந்த வாயால கேப்பேன்?” முறத்தை எடுத்துக்கொண்டு உள்ளே போய்விட்டாள். அவளுக்கு மட்டுமா தோன்றவில்லை? ஊரில் ஒருவருக்கும் தோன்றவில்லை. எல்லாரும் குளியாளியின் உயிருக்குக் காவல் தேடினார்கள். கயிறு பிடிக்கிறவனுக்கும் ஒரு நாள் கீழே இறங்க ஆசை வரும் என்று அந்த வழக்கத்தை உண்டாக்கிய அறிவாளிகள் எவரும் நினைக்கவில்லை.

அப்பா நிறைய வயது இருந்துதான் இறந்தார். படுக்கையில் கிடந்த காலமெல்லாம் அம்மாதான் கழுவித் துடைத்துப் பார்த்துக்கொண்டாள். ஒரு குறை வைக்கவில்லை. அடக்கத்தன்று காலையில் பெட்டியைக் கூடத்தில் வைத்திருந்தோம். பெண்கள் சுற்றி உட்கார்ந்து செபமாலை சொல்லிக்கொண்டிருந்தார்கள். கோவிலுக்குத் தூக்கும் நேரம் வந்தது. அம்மா தன்னைப் பெட்டிக்குப் பக்கத்தில் கொண்டுபோகச் சொன்னாள். நானும் மூத்த தம்பியும் ஆளுக்கொரு பக்கம் தாங்கி நிறுத்தினோம். நெற்றியில் முத்தம் கொடுக்கப் போகிறாள் என்று எல்லாரும் நினைத்தோம். அவள் குனிந்து அப்பாவின் காதருகே வாயைக் கொண்டுபோனாள். அப்போது அவளுக்குக் காது கேட்காது, அதனால் எதையும் சத்தமாகத்தான் பேசுவாள்.

“இப்பமாவது சொல்லுங்க. எந்தம்பி இழுத்தானா?”

செபமாலை நின்றுவிட்டது. அம்மா முகத்தைத் திருப்பித் தன் காதை அப்பாவின் வாயோடு ஒட்டி வைத்துக்கொண்டாள். அப்படியே குனிந்து நின்றாள். நாங்கள் தூக்கவும் முடியாமல் விடவும் முடியாமல் தாங்கிக்கொண்டிருந்தோம். வெகுநேரம் கழித்து அவளாகவே நிமிர்ந்தாள்.

“பெட்டிய மூடுங்கலே” என்றாள்.